சகலை போட்ட தரை

என் வீட்டுக் கூடத்துத் தரையைப் போட்டவன் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், டைல்ஸ் மேஸ்திரி. ஐந்து வருடமாக அவன் போட்ட தரையில்தான் நடக்கிறேன், அவன் போட்ட தரையில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் கேட்பது, "தரை சோக்கா கீதே, யார் போட்டது?" என்பதுதான். என் மனைவி வாயெல்லாம் பல்லாகப் பதில் சொல்வாள். அந்த நேரத்தில் நான் ஃபேன் சுவிட்சைத் தேடிக்கொண்டிருப்பேன்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

நானும் கைத்தொழில்காரன்தான். காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிற வேலை, முப்பது வருடமாக. கல்லில் இடித்து வந்தாலும், இன்னொரு படகோடு மோதி வந்தாலும், கிழிந்த இடத்தைத் தேய்த்து, கண்ணாடி இழையை விரித்து, ரெசின் பசை பூசி ஒட்டிவிட்டேன் என்றால், ஒட்டின இடம் எது என்று படகுக்காரனுக்கே தெரியாது. ஆனால் என் வேலை முழுக்கத் தண்ணீருக்கு அடியில் போய்விடும். மீனைத் தவிர அதை யாரும் பார்க்கப் போவதில்லை. அவன் வேலையோ நடுக்கூடத்தில் பளபளவென்று கிடக்கும். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டுப் போவான்.

மாமியார் வீட்டில் விருந்து என்றால் வஞ்சிர மீன் தலை அவன் தட்டில்தான் விழும். மூத்த மாப்பிள்ளை நான். எனக்கு நடுத்துண்டு. "நடுத்துண்டுதான்யா நல்ல துண்டு, முள்ளு இல்ல" என்று என் மனைவி சமாதானம் சொல்வாள். எனக்கு என்ன, முள்ளெடுத்துச் சாப்பிடத் தெரியாதா? தலை யாருக்கு விழுகிறது என்பதுதான் விஷயம். இது அவளுக்கும் தெரியும்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். குடிக்க மாட்டான். என்னை "அண்ணாத்த" என்றுதான் கூப்பிடுவான். என் வீட்டுத் தரைக்கு ஒரு வாரம் முட்டி தேய வேலை செய்துவிட்டு, கூலி என்ற பேச்சையே எடுக்காமல் ஒரு டீ குடித்துவிட்டுப் போனான். அதை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். திட்டுவதற்கு ஒரு காரணம்கூடக் கொடுக்காத மனிதனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அதனால், போன மழைக்காலம் முடிந்து தரையில் விரிசல் விழுந்தபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெரு எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து நாலு வீடு தள்ளி. இரவு பகல் கண்டெய்னர் லாரி போகும். ஒவ்வொரு லாரிக்கும் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அந்த அதிர்வில் டைல்ஸ் இடுக்கில் பூசியிருந்த வெள்ளைப் பூச்சு முதலில் கோடு விட்டது, பிறகு துண்டு துண்டாகப் பெயர்ந்தது. சமையலறை வாசலிலிருந்து கூடத்தின் நடுவரைக்கும் இடுக்குகள் வாய் பிளந்து கிடந்தன. வீடு துடைத்த தண்ணீர் அதற்குள் இறங்கிக் கறுத்துப் போனது. கடைசியாக எறும்பு வந்தது. சின்னச் சிவப்பு எறும்பு, இடுக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போகும்.

"பாத்தியா உன் தங்கச்சி புருசன் வேலைய," என்றேன் மனைவியிடம்.

"லாரி போனாக்க அவரு இன்னாய்யா பண்ணுவாரு," என்றாள்.

எங்கள் ஒரே மகள் ஆவடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அப்போது அவளுக்கு ஆறு மாதம். ஏழாம் மாதம் புருஷன் வீட்டில் வளைகாப்பு முடித்து, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான். இதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு இருக்க முடியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் என் மனைவி எறும்புப் பொடி தூவிக்கொண்டே சொன்னாள். "பச்சக் கொழந்தய இந்தத் தரையிலதான் பாய் போட்டுப் படுக்க வெக்கணும். எறும்பு கடிச்சா இன்னா பண்றது? இந்தப் பொடிய கொழந்த மோந்தா இன்னா ஆவறது? தங்கச்சி சொல்றா, 'பேசாம என் வூட்ல வெச்சிக்கலாங்கா, புது வூடு, தனி ரூமு கீது'ன்னு. பொண்ணும் சரின்றா."

எனக்குத் தலையில் கொள்ளி வைத்ததுபோல் ஆகிவிட்டது. என் மகள், என் பேரக்குழந்தை, அவன் வீட்டிலா? நாளைக்குக் குழந்தை எங்கே பிறந்து வளர்ந்தது என்று யாராவது கேட்டால், மணலி புதுநகர், சித்தி வீடு என்று சொல்வார்கள். மீன் தலை போனது போகட்டும். இதையும் அவனுக்கு விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

"மணலியா?" என்றேன். "அந்தக் காத்துல புள்ளத்தாச்சிய வெக்கிறதா? கலீஜ் நாத்தம். கம்பெனிப் பொகை. இங்க இன்னா கொறச்சல், கடக் காத்து. தரைய நான் பாத்துக்கிறேன்."

மணலிக் காற்று நாறுகிறது என்று எல்லோரும் சொல்வதை வைத்துத்தான் நானும் சொன்னேன்.

என் மனைவி அன்றைக்கே அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். "ஒண்ணியும் பெருசு இல்ல அண்ணி," என்றான். "பழசு எல்லாத்தையும் ஆக்ஸா பிளேடு வெச்சி சொரண்டி எடுத்துடணும். பிரஷ் போட்டு தூசிய தட்டணும். அப்பால இடுக்குல பூசற கிரவுட் பவுடர் கடைல கேட்டா குடுப்பாங்க, தோசமாவு மாதிரி இல்ல, அதவிட கெட்டியா கொழச்சி ரப்பர் தகடால அழுத்தி உள்ள எறக்கணும். கால் மணி நேரம் உட்டு ஈர ஸ்பாஞ்சால தொடச்சிடணும். ஒரு நாளு தண்ணி படக்கூடாது. அவ்ளோதான். அண்ணாத்தைக்கு எதுக்கு பேஜாரு, ஞாயித்துக்கெழம நானே வந்து போட்டுத் தர்றேன்."

"ஞாயித்துக்கெழம வூட்ல யாரும் இருக்க மாட்டோம்," என்று நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னேன்.

வளைகாப்பை அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின வியாழக்கிழமை காலையில் என் மனைவி கூடமாட வேலை செய்ய ஆவடிக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது கிரவுட் பவுடர் பாக்கெட்டையும் ரப்பர் தகட்டையும் சமையல் மேடையில் எனக்காக வைத்துவிட்டுப் போனாள். எனக்கு மூன்று நாள் இருந்தது. வீட்டில் நான் மட்டும்.

சுரண்டுகிற வேலையை ஆசையாகச் செய்தேன். அவன் செய்த தப்பைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பது என் எண்ணம். டைல்ஸுக்கு அடியில் கலவை நிரம்பாமல் பொள்ளலாக விட்டிருப்பான், எங்கேயாவது கைவரிசை காட்டியிருப்பான் என்று ஒவ்வொரு கல்லையும் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தேன். கூடம் முழுக்க, நாற்காலிக்கு அடியிலும் விடாமல், முட்டி போட்டுத் தட்டினேன். ஒரு கல்கூடப் பொய்ச் சத்தம் கொடுக்கவில்லை. எல்லாம் கிண்ணென்று கெட்டியாக இருந்தது. விரிசல் மேலே மட்டும்தான், லாரியால்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது எனக்கு அழுகை வராத குறை.

சனிக்கிழமை காலையில் பவுடர் பாக்கெட்டைக் கையில் எடுத்தேன். எடுத்ததும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. அவன் சொன்ன பவுடர், அவன் சொன்ன பதம், அவன் சொன்ன கால் மணி நேரம். இப்படிச் செய்தால் இதுவும் அவன் வேலைதான். வந்து பார்க்கிறவர்களிடம் "தங்கச்சி வூட்டுக்காரரு போன்லயே சொல்லிக் குடுத்தாரு" என்று மனைவி சொல்வதை இன்னும் ஒரு வருடத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். லாரி அதிர்வில் அதுவும் மறுபடி விரியப் போகிறது. நான் யார்? அலையில் அடிபடுகிற படகையே விரியாமல் ஒட்டுகிறவன்.

நேராகக் காசிமேடு போனேன். ஒரு டப்பா ரெசின், அதை இறுக வைக்கிற ஹார்ட்னர், வெள்ளைச் சாயம், சுண்ணாம்புப் பவுடர் எடுத்து வந்தேன். படகில் சின்னச் சின்னப் பள்ளத்தை அடைக்க நாங்கள் இதையெல்லாம் குழைத்துப் பட்டி செய்வோம். ஒரு முறை இறுகினால் கல்தான். தண்ணீர் இறங்காது, எறும்பு எந்தக் காலத்திலும் நுழையாது.

இடுக்கின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டினேன். வழக்கமாகப் போடுகிற ஹார்ட்னரில் பாதிதான் போட்டேன். நீளமான கோடுகள், பட்டி சீக்கிரம் இறுகிவிட்டால் பாதியில் நின்றுவிடும். தகட்டால் அழுத்தி, இழுத்து, டேப்பை உரித்தேன். ஒவ்வொரு கோடும் நூல் பிடித்ததுபோல் வந்தது. லாரித் தூசி ஈரத்தில் ஒட்டக்கூடாது என்று எல்லா ஜன்னலையும் இறுக்கிச் சாத்தி, வாசல் கதவுக்கு அடியில் பழைய துணியைத் திணித்தேன். வேலை முடிந்து கூடத்தின் மூலையில் நின்று பார்த்தபோது, அந்தத் தரை முழுக்க ஒரே கல்லில் செய்ததுபோல் இருந்தது. அவனுக்கு ஏழு ஜன்மம் எடுத்தாலும் இப்படி வராது என்று வாய்விட்டே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தேன். லேசாகப் பிசுபிசுத்தது. போகப் போக இறுகும் என்று கதவைப் பூட்டிக்கொண்டு ஆவடிக்குக் கிளம்பினேன்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. மகளுக்கு முழங்கைவரை கண்ணாடி வளையல். சித்திக்காரி ஐந்து வகைச் சோறு கிளறிக்கொண்டு வந்திருந்தாள். சகலை நாற்காலி போடுவதிலிருந்து இலை எடுப்பதுவரை ஓடிக்கொண்டிருந்தான். சாப்பிடும்போது அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தரை வேலைய முடிச்சிட்டேன், வந்து பாரு," என்றேன். பல வருடத்தில் அவனிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான்.

இரண்டு வண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தோம். நான் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து ஒதுங்கி நின்றேன். என் மனைவி வாசலிலேயே ஆரத்தி எடுத்தாள். மகள் வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். அப்படியே நின்றாள். வளையல் கை சட்டென்று மூக்குக்குப் போனது. திரும்பி வெளியே ஓடி, தெருச் சாக்கடை ஓரமாகக் குனிந்து, சாப்பிட்டது அத்தனையும் வாந்தி எடுத்தாள்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிகிற?" என்று என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பெண்கள்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

"இன்னா?" என்றேன் நான்.

"இன்னாவா? நாத்தம் கொடலப் புடுங்குது, உனக்குத் தெர்லியா?"

எனக்குத் தெரியவில்லை. நான் கூடத்தின் நடுவில் நின்று நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அகர்பத்தி வாசனையும் இல்லை, என் மனைவி தலையில் இருந்த மல்லிகை வாசனையும் இல்லை. எப்போது போனது என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை. முப்பது வருட ரெசினில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்க வேண்டும். குழம்பு தீய்ந்ததைக் கவனிக்காமல் விட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் அப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

சகலை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கோட்டில் நகத்தை வைத்து அழுத்தினான். நகம் பதிந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படகை நாங்கள் ஒட்டுவது திறந்த வெளியில், வெயிலில். பாதி வேலையை வெயில்தான் செய்துகொடுக்கும். நான் வெயிலே எட்டிப் பார்க்காத வீட்டுக்குள், பாதி ஹார்ட்னர் போட்டு, ஜன்னலையும் சாத்திவிட்டுப் போயிருக்கிறேன். அது இறுகாமல் ஒன்றரை நாளாக வீட்டுக்குள்ளேயே வெந்துகொண்டு கிடந்திருக்கிறது. காசிமேட்டில் நேற்று வந்த பையனுக்குக்கூட இந்தக் கணக்குத் தெரியும்.

அவன் திட்டியிருக்கலாம். சிரித்திருக்கலாம். "ஃபினிஷிங் நல்லா கீது அண்ணாத்த," என்றான். அதைக் கேட்டபோது அவன் என்னை அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மகள் திரும்ப உள்ளே வரவில்லை. சித்திக்காரி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "வாடிம்மா, நம்ப வூட்டுக்குப் போலாம்," என்றாள். மகள் வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "வாசன போனதும் வந்துடறேன் நைனா," என்றாள். கடற்காற்று வீசுகிற என் வீட்டை விட்டுவிட்டு, நல்ல காற்றுக்காக என் மகள் மணலிக்குப் போனாள். நான் மணலியைப் பற்றிப் பேசின பேச்சு அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

மறுநாளே பட்டியைச் சுரண்ட ஆரம்பித்தேன். பாதி இறுகின ரெசின் லேசில் வராது, பிளேடில் சவ்வாக ஒட்டிக்கொண்டு இழுக்கும். வேலைக்குப் போய்வந்து தினமும் இரண்டு மணி நேரம் அந்தத் தரையில் குப்புறக் கிடந்தேன். எல்லாவற்றையும் எடுத்த பிறகு, மேடையில் கிடந்த அந்தப் பவுடர் பாக்கெட்டைப் பிரித்து, அவன் சொன்ன பதத்தில் குழைத்து, கால் மணி நேரம் விட்டுத் துடைத்தேன். நன்றாகத்தான் வந்தது. இரண்டு இடத்தில் சின்ன விரிசல் விட்டபோது அவனுக்கே போன் செய்து கேட்டேன். "தண்ணி ஜாஸ்தியா பூடுச்சி அண்ணாத்த," என்றான்.

ஆனால் வாசனை போகவில்லை. சுவரில் ஏறியிருக்கிறது, மெத்தையில் ஏறியிருக்கிறது என்றாள் மனைவி. ஜன்னலை எல்லாம் திறந்து வைத்தோம். வேப்பிலை கொளுத்தினோம். தினமும் காலையில் அவளிடம் கேட்பேன்.

"வாசன கீதா?"

"கீது."

ஒரு நாள் அவள் "கொஞ்சமாத்தான் கீது" என்று சொன்னபோது மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. இந்த நிலையில் வீடு மாற்ற வேண்டாம் என்று பெண்கள் பேசி முடிவு செய்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எந்த முகத்தோடு நான் பேசுவது?

பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் தூரத்தில் நின்று பார்த்தேன். நான் வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தேன். "கிட்ட வராத நைனா, உன் மேல ரெசின் வாசன வருது," என்றாள் மகள். துணிப் பொட்டலத்துக்குள் ஒரு நெற்றியும் ஒரு மூக்கும் மட்டும் தெரிந்தது. அதை என் சகலை கையில் வைத்திருந்தான்.

பன்னிரண்டாம் நாள் மணலிக்குப் போனேன். அன்றைக்கு வேலைக்கு லீவு. குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும் என் கண் தானாகத் தரைக்குப் போய்விட்டது. ஒவ்வொரு இடுக்காகப் பார்த்துக்கொண்டே போனேன். குளியலறை வாசலில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். அதைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் என்னை மனிதன் என்று மதிக்க மாட்டீர்கள்.

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். "நைனா, கை கழுவிகினு வா. கொழந்தயத் தூக்கலாம்."

பின்பக்கம் குழாயடிக்குப் போனேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடி போட்டுக் கழுவினேன். கையை மூக்குக்கிட்டே கொண்டுபோனேன். சோப்பு வாசனையும் தெரியவில்லை, ரெசின் வாசனையும் தெரியவில்லை. போய்விட்டதா இருக்கிறதா என்று எனக்கு யார் சொல்வது? பெண்கள் எல்லோரும் உள் அறையில். சகலை மட்டும் பின்கட்டில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

ஈரக் கையை அவன் பக்கம் நீட்டினேன்.

"சகல," என்றேன். "இத்தக் கொஞ்சம் மோந்து பாரு."

அவன் சிரிக்கவில்லை. தன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்தான். உள்ளங்கையை முகர்ந்தான், புறங்கையை முகர்ந்தான், விரலை விரித்து இடுக்கையும் முகர்ந்தான்.

"இன்னும் கீது அண்ணாத்த. நகத்தாண்ட."

உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து என் கையில் ஊற்றினான். டைல்ஸ் இடுக்குத் தேய்க்கிற பிரஷ்களில் புதிதாக ஒன்றை எடுத்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நகக்கண்ணைத் தேய்த்தான். பிறகு சோப்பு. பிறகு மறுபடி முகர்ந்தான். "போச்சு. போய்த் தூக்கு."

குழந்தையை என் மடியில் வைத்தார்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். குழந்தை கண்ணைத் திறக்காமல் வாயை மட்டும் கோணியது. நான் குனிந்து அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்தேன். பச்சைக் குழந்தையின் தலையில் ஒரு வாசனை இருக்கும். என் மகள் பிறந்தபோது மணிக்கணக்காக முகர்ந்துகொண்டு கிடந்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு முறை இழுத்தேன்.

சகலை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலையை நிமிர்த்தினேன்.

"இன்னா வாசன வருது சகல, இவகிட்ட?"

அவன் வந்து மண்டியிட்டு, என் மடியில் கிடந்த குழந்தையின் தலையை முகர்ந்தான். அவசரப்படாமல் முகர்ந்தான்.

"பால் வாசன அண்ணாத்த. கொஞ்சம் வசம்பு. அப்பால..." என்று நிறுத்தி யோசித்தான். "அப்பால ஒண்ணு கீது. இன்னான்னு சொல்லத் தெர்ல."

அவன் சொல்லத் தெரியாமல் விட்ட அந்த ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அது இத்தனை நாளாக அவன் வீட்டில் இருக்கிறது.